கம்பியை உள்ளே விடுங்கள்

பிளாஸ்மாவுக்குள் கம்பியை விட்டு அளந்த காலம் மலையேறிவிட்டது, இனி எல்லாம் லேசரும் கணினியும்தான் என்ற பேச்சு நம் இயற்பியல் துறைகளில் வேரூன்றிவிட்டது. அணுக்கரு இணைவு பற்றிக் கருத்தரங்கம் நடந்தால் வருகிற பேச்சாளர் இதைச் சொல்கிறார். பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள். விளைவு என்ன? சேலம், ஆத்தூர், ராசிபுரம், திருச்செங்கோடு என்று எம்.எஸ்ஸி. இயற்பியல் நடத்தும் ஊர்களில் பிளாஸ்மா என்பது கரும்பலகையில் நான்கு சமன்பாடுகளாக வந்து, தேர்வு முடிந்ததும் மறைந்துபோகிறது. ஆய்வகத்தில் அதைப் பார்த்த மாணவர்கள் அரிது, அளந்தவர்கள் அதைவிட அரிது.

காரணம் கேட்டால் மூன்று பதில்கள் தயாராக இருக்கின்றன. பதினைந்து கோடி டிகிரியில் எந்த உலோகம் நிற்கும்? நின்றாலும் அது பிளாஸ்மாவைக் கெடுத்துவிடாதா? கெடுக்காவிட்டாலும் தொடாமலே அளக்கும் லேசர் இருக்கும்போது இந்தப் பழைய கம்பி எதற்கு? கேட்க நியாயமாக இருக்கும் இந்த மூன்றையும் நான் மறுக்கிறேன். இணைவு ஆய்வின் மிகக் கடினமான கேள்விகள் இருக்கிற இடத்தில் இன்றும் இந்தக் கம்பிக்கு மாற்று இல்லை. அதைவிட முக்கியம், நம்மூர்க் கல்லூரி ஒன்று தன் கையால் செய்து பார்க்கக்கூடிய ஒரே இணைவு அளவீடு இதுதான்.

லாங்மூயர் புரோப் எனப்படும் அந்தக் கம்பி என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். 1 மில்லிமீட்டர் தடிமனில் டங்ஸ்டன் அல்லது மாலிப்டினம். நுனியில் சில மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும், மீதி பீங்கான் குழாய்க்குள் இருக்கும். அதற்கு எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரான்கள் விலகிப் போகும். அயனிகள் மட்டும் வந்து விழுவதால் மின்னோட்டம் சிறியதாக, ஏறக்குறைய மட்டமாக நிற்கும். அழுத்தத்தை மெல்ல நேர்ப்பக்கம் ஏற்றிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் மின்னோட்டம் பூச்சியமாகும். அதைத் தாண்டியதும் எலக்ட்ரான்கள் வெள்ளமாக வரும். அந்த ஏற்றத்தை மடக்கைத் தாளில் வரைந்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். அதன் சாய்விலிருந்து எலக்ட்ரான்களின் வெப்பநிலை கிடைக்கும். மட்டமாக நின்ற அயனி மின்னோட்டத்திலிருந்து அடர்த்தி கிடைக்கும். பூச்சியமான இடம், பிளாஸ்மாவின் மின்னழுத்தத்தைக் கண்டுபிடிக்க வழிகாட்டும். ஒரே கம்பி, ஒரே இடத்தில், மூன்று அளவுகள். இதற்கான கோட்பாட்டை இர்விங் லாங்மூயரும் ஹரால்டு மாட்-ஸ்மித்தும் 1926-இல் எழுதினார்கள். பிளாஸ்மா என்ற பெயரையே இந்தத் துறைக்கு 1928-இல் தந்தவர் லாங்மூயர்தான்.

டோகமாக் என்னும் வளையக் கலத்தில் இதே கம்பியை ஒரு தண்டின் முனையில் பொருத்துகிறார்கள். வெற்றிடம் கெடாதபடி, மடிப்பு மடிப்பான உலோகத் துருத்தி ஒன்று தண்டைச் சுற்றி இருக்கும். சிறு கருவிகளில் ஒரு மின்னிறக்கத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே தண்டை நகர்த்தி வைப்பார்கள். பெரிய கருவிகளில் காற்றழுத்த சிலிண்டரோ மோட்டாரோ அதை ஒரே வீச்சில் உள்ளே தள்ளி வெளியே இழுத்துவிடும்.

இனி, உருகிவிடும் என்ற வாதத்துக்கு வருகிறேன். இதைச் சொல்கிறவர்கள் வெப்பநிலையையும் வெப்பத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். பதினைந்து கோடி டிகிரி என்பது ஐட்டர் போன்ற பெரிய கருவியின் நடுவயிற்றுக் கணக்கு. நடுவயிற்றுக்குள் கம்பியை விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. புரோப் போவது விளிம்புக்கு. கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு சிறு டோகமாக்கின் விளிம்பில் எலக்ட்ரான் வெப்பநிலை 20 எலக்ட்ரான் வோல்ட், அதாவது சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அடர்த்தி கன மீட்டருக்கு 10-இன் 18-ஆம் அடுக்கு. பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் நாம் மூச்சுவிடும் காற்றில் இருப்பதைவிட இது இரண்டரைக் கோடி மடங்கு குறைவு. டிகிரி உண்டு, அதைச் சுமக்கத் துகள்கள் இல்லை.

இந்த பிளாஸ்மா ஒரு சதுர மீட்டரில் கொட்டும் வெப்பம் சுமார் 0.7 மெகாவாட். 1 மில்லிமீட்டர் தடிமனும் 3 மில்லிமீட்டர் நீளமும் உள்ள நம் கம்பி நுனிக்குக் காந்தக்கோடுகளின் வழியே இரு பக்கத்திலிருந்தும் வெப்பம் வருகிறது என்று எடுத்துக்கொண்டால், 6 சதுர மில்லிமீட்டர் பரப்பில் விழுவது 4 வாட்டுக்குச் சற்று மேல். ஒரு டார்ச் பல்பின் திறன். மின்னிறக்கம் 100 மில்லிவிநாடி நீடித்தால் சேரும் ஆற்றல் 0.4 ஜூல். அந்த நுனியின் எடையையும் டங்ஸ்டனின் வெப்ப ஏற்புத்திறனையும் போட்டுப் பார்த்தால் நுனியின் சூடு ஏறக்குறைய 70 டிகிரி உயர்கிறது. டங்ஸ்டன் உருகுவது 3,422 டிகிரி செல்சியஸில். கம்பிக்கு ஒன்றும் ஆகாது.

பெரிய கருவியில் நிலைமை வேறு என்பது உண்மை. அடர்த்தி பத்து மடங்கு, வெப்பநிலை 50 எலக்ட்ரான் வோல்ட் என்று மாற்றிப் போட்டால் அதே நுனியில் 160 வாட் விழும். 100 மில்லிவிநாடியில் 2,600 டிகிரிக்கு மேல் ஏறிவிடும், எலக்ட்ரான்களை இழுக்கும் அழுத்தம் கொடுத்திருந்தால் இன்னும் மோசம். ஆகவேதான் புரோப் நகர்கிறது. உள்ளே போய் 30 மில்லிவிநாடியில் திரும்பிவிட்டால் ஏற்றம் 800 டிகிரியோடு நின்றுவிடும். அமெரிக்காவின் டிஐஐஐ-டி, அல்கேட்டர் சி-மாட், ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் அப்கிரேட் ஆகியவற்றில் இப்படிப் பாய்ந்து திரும்பும் புரோப்கள் ஆண்டுக்கணக்கில் வேலை செய்திருக்கின்றன. உருகும் என்ற பயத்துக்கு விடை சொல்வதற்காகவே பிறந்த கருவியை, உருகும் என்று காரணம் காட்டி ஒதுக்குவது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவது குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. புரோப் பிளாஸ்மாவைத் தொடுகிறது, தொட்டதால் மாற்றுகிறது, மாறியதை அளந்து உண்மை என்கிறது என்பார்கள். இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

மாற்றுகிறது. எவ்வளவு? மேலே சொன்ன சிறு டோகமாக் விளிம்பில் நம் நுனி இழுக்கும் அயனி மின்னோட்டம் சுமார் 30 மில்லிஆம்பியர். அந்த வளையத்தில் ஓடும் பிளாஸ்மா மின்னோட்டம் ஒரு லட்சம் ஆம்பியர் அளவில் இருக்கும். முப்பது லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதை நாம் எடுக்கிறோம். அந்நியப் பொருளொன்று உள்ளே வந்தால் பிளாஸ்மா தானாகவே அதைச் சுற்றி ஒரு மெல்லிய மின்னுறையைப் போர்த்திவிடும். இந்தக் கணக்கில் உறையின் அடிப்படை நீளம் ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு. உறைக்கு வெளியே காந்தக்கோட்டின் திசையில் நிழல் போல ஒரு பாதிப்பு நீளும் என்பதும், காந்தப்புலம் வலுவாக இருந்தால் எலக்ட்ரான் பக்கத்து வளைகோடு லாங்மூயர் எழுதியபடி வராது என்பதும் உண்மை. இவை யாரோ இன்று கண்டுபிடித்த குறைகள் கிடையாது. டேவிட் போம் உறைக்குள் அயனிகள் நுழையும் வேகத்துக்கான நிபந்தனையை 1949-இல் எழுதிவிட்டார். 1950-இல் ஜான்சனும் மால்ட்டரும் இரட்டைப் புரோப்பைக் கொண்டுவந்தார்கள். 1965-இல் சென்னும் செகிகுச்சியும் மூன்று நுனிகளை வைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்காமலே நொடிக்கு நொடி வெப்பநிலையைப் படிக்கும் வழியைக் காட்டினார்கள். பிராகாவில் ஆடமெக் குழுவினர், நுனியைப் பீங்கான் குழாய்க்குள் பின்னிழுத்து வைத்து பிளாஸ்மாவின் மின்னழுத்தத்தை நேரடியாக நெருங்கும் பந்துமுனைப் பேனா போன்ற புரோப்பைச் செய்தார்கள். நூறாண்டாகக் குறைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு திருத்திவந்த கருவி இது. பிழை எங்கே, எந்தப் பக்கம், எவ்வளவு என்று தெரிந்த அளவீட்டை நான் நம்புவேன்.

உருக்கு ஆலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. சேலம் இரும்பாலையும் பொட்டனேரி ஆலையும் இருக்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு நாம் இதற்குத் தயங்குகிறோம். உருகிய எஃகின் சூட்டை அறிய, நீண்ட தண்டின் முனையில் காகிதக் குழாய் பொருத்தி, அதன் நுனியில் குவார்ட்ஸுக்குள் இருக்கும் பிளாட்டினக் கம்பி இணையை 1,600 டிகிரிக் குழம்பில் முக்குவது உலகெங்கும் உள்ள வழக்கம். சில விநாடிகளில் அளவு வந்துவிடும், நுனி எரிந்து போகும், அடுத்த முறைக்குப் புது நுனி. தொடாமல் அளக்கும் ஒளி வெப்பமானிகள் வந்த பிறகும் முக்கிப் பார்ப்பது நிற்கவில்லை. ஒளிமானி பார்ப்பது கசடு படர்ந்த மேற்பரப்பை, முக்கும் கம்பி தொடுவது எஃகை.

பிளாஸ்மாவை மாற்றும் என்ற குற்றச்சாட்டைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1989-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் டெய்லர் குழுவினர் டோகமாக்கின் விளிம்புக்குள் ஒரு மின்முனையை வேண்டுமென்றே நுழைத்து, மின்னழுத்தம் கொடுத்து, விளிம்பின் மின்புலத்தை மாற்றினார்கள். பிளாஸ்மா கெடவில்லை. முன்பைவிட நன்றாக அடைபட்டது. 1982-இல் ஆஸ்டெக்ஸில் வாக்னர் கண்ட உயர் அடைப்பு நிலையை அது ஒத்திருந்தது. நம் நாட்டின் ஆதித்யா டோகமாக்கிலேயே இப்படி மின்முனைக்கு அழுத்தம் கொடுத்து, பிளாஸ்மா திடீரென்று முறிந்து போவதைத் தணிக்க முடியும் என்று காட்டிய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. உள்ளே நுழைவதெல்லாம் கெடுதல் என்று சூத்திரம் போல ஒப்பிப்பவர்கள் இந்த ஆய்வுகளைப் படிக்க வேண்டும்.

லேசர் விஷயத்தில் எதிர்த்தரப்பு சொல்வதில் பாதி சரி. சோவியத் நாட்டின் டி-3 டோகமாக்கில் கிடைத்த வெப்பநிலையை மேற்கு நாடுகள் நம்பாதபோது, இங்கிலாந்தின் கல்ஹாம் ஆய்வகத்திலிருந்து ஒரு குழு லேசரை மாஸ்கோவுக்கே எடுத்துச் சென்று ஒளிச்சிதறலால் அளந்து, 1969-இல் அதை உறுதிசெய்தது. அதன் பிறகுதான் உலகமே டோகமாக் பக்கம் திரும்பியது. நடுவயிற்றை அளக்க லேசர்தான் வழி, அதில் எனக்கு மறுப்பில்லை.

விளிம்புக்கு வந்தால் கதை மாறுகிறது. விளிம்பில் அடர்த்தி குறைவு என்பதால் சிதறி வரும் ஒளியும் குறைவு. லேசர் பொதுவாக விநாடிக்குப் பத்து முதல் நூறு முறை துடிக்கும். விளிம்பின் கொந்தளிப்போ மைக்ரோவிநாடிகளில் எழுந்து அடங்குவது. புரோப்பின் மின்னோட்டத்தை விநாடிக்குப் பத்து லட்சம் முறை பதிவுசெய்வது இன்று சாதாரணம். வேகக் கேமராக்கள் விளிம்பில் எழும் குமிழ்களை அழகாகப் படம்பிடிக்கின்றன. ஆனால் படத்தில் தெரியும் வெளிச்சம் அடர்த்தியையும் வெப்பநிலையையும் நடுநிலை வாயுவையும் ஒருசேரச் சார்ந்தது. மின்னழுத்தம் எந்தக் கேமராவிலும் விழாது.

இங்கேதான் என் வாதத்தின் முதுகெலும்பு இருக்கிறது. டோகமாக்கிலிருந்து துகள்கள் ஏன் தப்பி ஓடுகின்றன என்பது இணைவு ஆய்வின் அடிப்படைக் கேள்விகளில் ஒன்று. விளிம்பில் ஒரு மின்புலம் எழுந்தால், அது காந்தப்புலத்தோடு சேர்ந்து பிளாஸ்மாவைப் பக்கவாட்டில் தள்ளும். 5 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு புரோப் நுனிகளை வைத்து, அவற்றின் இடையே 5 வோல்ட் வித்தியாசம் கண்டால், மின்புலம் மீட்டருக்கு 1,000 வோல்ட். காந்தப்புலம் 1 டெஸ்லா என்றால் பிளாஸ்மா விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் தள்ளப்படுகிறது. வெறுமனே தள்ளப்படுவதால் இழப்பு வராது. உள்ளே போவதும் வெளியே வருவதும் சமமாக இருந்தால் கணக்கு நேராகிவிடும். வெளிப்பக்கம் தள்ளப்படும் நொடியில் அந்த இடத்தில் அடர்த்தியும் கூடுதலாக இருந்தால்தான் நிகர இழப்பு. அப்படியானால், அடர்த்தியின் ஏற்ற இறக்கமும் மின்புலத்தின் ஏற்ற இறக்கமும் ஒரே இடத்தில், ஒரே மைக்ரோவிநாடியில் தெரிய வேண்டும். அந்த இரண்டு நுனிகளுக்கு நடுவே மூன்றாவது நுனி ஒன்றை வைத்து அயனி மின்னோட்டத்தைப் படித்தால் வேலை முடிந்தது. மூன்று நுனியும் சேர்ந்த தலை ஒரு கட்டைவிரல் பருமன்தான். நுனியின் மின்னோட்டம் பூச்சியமாகும் மிதவை மின்னழுத்தத்தில் வெப்பநிலையின் அலைவும் கலந்திருக்கும் என்ற எச்சரிக்கை இங்கே உண்டு. அதைப் பிரித்தெடுக்கத்தான் மேலே சொன்ன புதிய நுனிகள்.

கணினி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விளிம்பில் ஏற்ற இறக்கம் சராசரியோடு ஒப்பிடும் அளவுக்குப் பெரியது, அதனால் கணிப்பது கடினம். கணித்ததைச் சரிபார்க்க ஓர் அளவு வேண்டும். அந்த அளவு கணினிக்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

நம் நாட்டின் அனுபவமும் இதையே சொல்கிறது. காந்திநகருக்கு அருகே பாட் கிராமத்தில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சிக் கழகத்தில் ஆதித்யா டோகமாக் 1989-இல் இயங்கத் தொடங்கியது. பெரிய நாடுகளின் கருவிகளோடு ஒப்பிட்டால் சிறியது. வளையத்தின் ஆரம் 75 சென்டிமீட்டர், பிளாஸ்மாவின் ஆரம் 25 சென்டிமீட்டர். மூன்றே ஆண்டில், 1992-இல், ஜா, காவ், மட்டூ, ராவ், சக்சேனா ஆகியோர் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விளிம்பில் வைத்த புரோப்களின் பதிவுகளை ஆராய்ந்து, அங்கே கொந்தளிப்பு சீராக நடக்கவில்லை, விட்டுவிட்டுப் பெரும் வெடிப்புகளாக வருகிறது என்று காட்டினார்கள். உலகின் பல கருவிகளில் பின்னாளில் குமிழ்கள் என்று பேசப்பட்ட நிகழ்வை அறிய அது முன்னோடியான சான்றுகளில் ஒன்று. பணத்தாலோ கருவியின் பருமனாலோ நாம் போட்டியிட முடியாத நாளில் நமக்கு உலகத்தரமான முடிவைத் தந்தது சில மில்லிமீட்டர் கம்பி. ஆதித்யா 2016-இல் மேம்படுத்தப்பட்டு ஆதித்யா-யு ஆகிவிட்டது, அதிலும் புரோப்கள் இருக்கின்றன. இந்தியாவும் பங்காளியாக உள்ள ஐட்டரின் அடிப்பகுதியில், வெப்பம் மிகுதியாக விழும் இடத்திலும், நிலையாகப் பொருத்தப்படும் லாங்மூயர் புரோப்கள் திட்டத்தில் உண்டு. மலையேறிய கருவியை இருபத்தோராம் நூற்றாண்டின் மிகப் பெரிய இணைவுத் திட்டத்தில் யாரும் சேர்க்க மாட்டார்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது இதற்கு அடுத்த இடத்தில். அதெல்லாம் காந்திநகருக்குச் சரி, நம் கல்லூரிக்கு எதற்கு என்று கேட்கிறார்களே, அங்கே. மெகாவாட் லேசரும் ஹீலியக் குளிர்கலமும் நம்மால் வாங்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். புரோப்புக்கு என்ன வேண்டும்? ஒரு கண்ணாடிக் குழாய், ரோட்டரி பம்பு ஒன்று, சில நூறு வோல்ட் தரும் நேர்மின் வழங்கி, நுனிக்கு இரு பக்கமும் 60 வோல்ட் வரை ஏற்றி இறக்க இன்னொரு சிறு வழங்கி. டங்ஸ்டன் கம்பியைத் தேடி வெளிநாடு போக வேண்டாம். டிக் வெல்டிங் செய்கிற எந்தப் பட்டறையிலும் 1.6 மில்லிமீட்டர் டங்ஸ்டன் ராடு கிடைக்கும். வெப்ப இணைகளுக்குப் போடும் பீங்கான் குழாயை மேலே மாட்டினால் போதும். தண்டு நழுவிப் போகவும் காற்று புகாமல் இருக்கவும் ஒரு ஓ-ரிங் இருக்கை வேண்டும். திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்கும் நாமக்கல்லில் டேங்கர் லாரிக்கும் வேலை செய்கிற லேத் பட்டறைகளில் இதைச் சொல்லிக் கடைந்து வாங்குவது பெரிய காரியமா? கசியாமல் வெல்டு வைக்கத் தெரிந்த கைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். உயர் மின்னழுத்தம் என்பதால் எர்த்திங் சரியாக இருக்க வேண்டும், ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவே.

அந்தக் குழாயில் வாயு ஒளிரும்போது மாணவர் தண்டை ஐந்து ஐந்து மில்லிமீட்டராக நகர்த்தி ஒவ்வோர் இடத்திலும் வளைகோடு எடுக்கட்டும். எதிர்மின்வாய்க்கு அருகே மின்னழுத்தம் செங்குத்தாக விழுவதும், நேர்மின் தம்பத்தில் ஒரே சீராக ஏறுவதும் தன் தாளிலேயே தெரியும். எலக்ட்ரான் வெப்பநிலை இருபதாயிரம் டிகிரி என்று சாய்வு சொல்லும், குழாயோ கை பொறுக்கும் சூட்டில்தான் இருக்கும். கோடி டிகிரியைக் கேட்டு மிரளும் பழக்கம் அன்றோடு போகும். அந்த மாணவர் பிளாஸ்மா ஆராய்ச்சிக் கழகத்தின் கோடைப் பள்ளிக்கு விண்ணப்பித்தால், சமன்பாட்டை ஒப்பிப்பவராகப் போகாமல் வளைகோட்டின் பிழையைப் பற்றிப் பேசத் தெரிந்தவராகப் போவார்.

பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களை நேரடியாகவே கேட்டுக்கொள்கிறேன். அடுத்த திருத்தத்தின்போது எம்.எஸ்ஸி. செய்முறைப் பட்டியலில் நகரும் லாங்மூயர் புரோப் என்று ஒரு வரி சேருங்கள். அதற்கான கருவியை விலைப்பட்டியலில் தேடாமல் மாணவர்களையும் பக்கத்துப் பட்டறையையும் வைத்துச் செய்யுங்கள். முதல் ஆண்டில் வெற்றிடம் கசியும், வளைகோடு கோணலாக வரும். அடுத்த ஆண்டு மாணவர்களிடம் அந்தக் கோணலையே முதல் பயிற்சியாகக் கொடுங்கள்.